பச்சைப் புள்ளிக்குக் காவல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வீடு எது, வேலை எது என்றே தெரியவில்லை, சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ், படுக்கையில் ஆபீஸ், இதில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சுகமாம், சொன்னவனைக் கூட்டி வந்து இந்தப் பெண்ணைக் காட்ட வேண்டும்... லேப்டாப் முன்னால் நாற்காலியிலேயே தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பட்டப்பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள் மருமகள். எழுப்பலாமா? பாவம், கிடக்கட்டும். பஸ் ஓட்டிய காலத்தில் மாமனார்க் கிழவருக்கும்தான் இடுப்பு ஒடிந்தது, ஆனால் வண்டியை டிப்போவில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, எந்த மேலதிகாரியும் சோற்றுத் தட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை, இவள் சாவியை யாரிடம் கொடுப்பாள்... ஐயோ, திரையில் அவள் பேர் பக்கத்தில் இருக்கும் அந்தப் புள்ளி! மவுஸில் கை அசையாவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும் மாமா, ஆள் சீட்டில் இல்லை என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவளே சொன்னாளே, அதற்குப் பயந்து ஒருநாள் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வரவில்லையா? இப்போது திரையில் மஞ்சள். வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள், படுபாவிகள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு மவுஸைப் பிடித்தார். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்... வந்துவிட்டது பச்சை! யார் கை என்றுகூடத் தெரியாத பெட்டி, இதை நம்பியா ஆபீஸ் நடத்துகிறான்? அவள் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டாள், கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது, பஸ் நிறைய ஆட்கள் தூங்கும்போது பள்ளம் பார்த்து ஓட்டினாரே, அதே நிறைவு, பொழுது சாயும்வரை வேண்டுமானாலும் ஆட்டலாம்... டிங் என்றது பெட்டி. மறுபடியும் டிங். அவள் துள்ளி எழுந்தாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"நீ தூங்குறது அவனுங்களுக்குத் தெரிய வேணாம்னுதாம்மா..."

"ஐயோ மாமா! இன்னைக்கு நான் லீவு! நீங்க பச்சை காட்டினதுல மேனேஜர், 'அட, இருக்கியா, ஒரு சின்ன வேலை'ங்கிறார்!"

லீவா? லீவு போட்டவளுக்கு இந்த நாற்காலியில் என்ன வேலை? கேட்டே விட்டார். அவள் யோசித்தாள், திருதிருவென்று விழித்தாள், "தெரியல மாமா... எழுந்து வந்தேன், உக்காந்துட்டேன்" என்று சிரித்தாள், சிரித்தபடியே, மேனேஜருக்குப் பதில் போடாமல், பெட்டியைப் பட்டென்று மூடினாள், போய்க் கட்டிலில் விழுந்தாள், விழுந்ததும் தூங்கியும் போனாள். கிழவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்லதுதான், இது போதும், போர்வையை இழுத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தால்... மெத்தைமேல் கிடந்த அவள் வலது கை, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். லீவாம்! அந்தக் கையிடம் யார் போய்ச் சொல்வது... கதவை மெல்லச் சாத்திவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.