மை வைக்காத விரல்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போவேன் என்று ரஞ்சனா நேற்றே சொல்லிவிட்டாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அதன்மேல் முழங்கால்வரை கறுப்புக் கோட்டு. கண்ணாடி முன் நின்று, இடது கை ஆட்காட்டி விரலில் மட்டும் நகப்பூச்சைத் துடைத்து எடுத்தாள். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. சென்னையில் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் விமானம் ஏறியவள். பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊருக்கு வந்தவளுக்குக் குடியுரிமை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“கல்யாணத்துக்கா போறோம்?” என்றான் அவள் கணவன் ராகவ்.

“அதைவிடப் பெரிசு.”

“போ. இவ்வளவு அலங்காரம் பண்ணிட்டு அந்தம்மாவுக்கே போடு. உன் கையை உடைச்சவங்களுக்கு, அதே கையால.”

அந்தம்மா என்றால் கத்தரின். நான்கு வருடமாக அவர்கள் வட்டாரத்தின் மேயர், மறுபடியும் நிற்கிறாள். போன பிப்ரவரியில் ஐந்து நாள் பனி அள்ளாமல் விட்ட நடைபாதையில் ரஞ்சனா வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. எமர்ஜென்சியில் பதினோரு மணி நேரம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தான் ராகவ். அன்றிலிருந்து கத்தரின் பெயரைக் கேட்டாலே அவன் தாடை இறுகும். அது யாருக்காக வரும் கோபம் என்று தெரிந்ததால், ரஞ்சனாவால் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

ஆனால், இழுத்து மூடியிருந்த நீச்சல் குளத்தைச் சண்டை போட்டுத் திறந்தவளும் அதே கத்தரின்தான். கட்டுப் பிரித்த பிறகு கையைத் தண்ணீரில் அசைக்கச் சொன்னார்கள் என்று அங்கே போன ரஞ்சனா, இலவச வகுப்பில் நீச்சலே கற்றுக்கொண்டாள். தண்ணீரென்றால் நடுங்குகிறவள் முதல்முறை மல்லாந்து மிதந்தபோது, கூரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். எதிர்த்து நிற்பவரோ பனியை ஒரே நாளில் அள்ளுவேன், செலவு வைக்கும் குளத்தை மூடுவேன் என்கிறார். இரண்டையும் செய்கிற ஆள் போலத்தான் இருந்தார்.

வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்து வரிசையில் கீழ்வீட்டுத் தாட்சாயினி அக்கா நின்றிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி.

“என்ன பிள்ளை, ஆருக்கெண்டு முடிவோ?”

“இன்னும் இல்லக்கா. நீங்க?”

“பனி அள்ளேல்லை, உண்மைதான். ஆனா நான் போன் அடிச்சா எடுப்பா மனுசி. ஏச்சு முழுக்க வாங்கிப்போட்டு ‘மெர்சி மதாம்’ எண்டு நன்றியும் சொல்லுவா.”

“எடுத்து என்ன பண்றது? பனி அங்கேயேதானே கிடந்துது!” என்றான் ராகவ்.

“ஓம் தம்பி, அதுவும் சரிதான்.”

அட்டை மறைப்புக்குப் பின்னால் ரஞ்சனா சீட்டை விரித்து வைத்தாள். பென்சிலைப் பிடித்ததும் மணிக்கட்டு லேசாக வலித்தது. ராகவின் தோள் நினைவுக்கு வந்தது. கூடவே, காதுவரை ஏறி நின்ற தண்ணீரும். வலிக்கிற அந்தக் கையாலேயே கத்தரின் பெயருக்கு நேரே வட்டத்தில் அழுத்திக் குறி போட்டாள். முதல் பனி விழுந்ததும் போன் அடிக்க வேண்டும். இனிமேல், ஓட்டுப் போட்டவளாக ஏசலாம்.

சீட்டைப் பெட்டியில் போட்ட கையோடு, மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் இடது ஆட்காட்டி விரலை நீட்டினாள். அந்தப் பெண் விரலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தில் இரக்கம் பொங்க, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டரை எடுத்துப் பக்குவமாக ஒட்டிவிட்டாள். ரஞ்சனா “மெர்சி” என்றாள்.

முன்னாலேயே போட்டுவிட்டு வெளியே காத்திருந்த ராகவ், பிளாஸ்டரைக் கண்டதும் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான்.

“என்னாச்சு? மறுபடியும் கையா?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கண்ணில் நீர் வரும்படி சிரிப்பு. பிளாஸ்டரை மெதுவாக உரித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முனையில் ஊதிச் சூடேற்றி, நகத்திலிருந்து தோல்வரை நீலக் கோடு ஒன்று இழுத்தான்.

“சரி, யாருக்குப் போட்ட?”

“முதல் பனி விழட்டும், சொல்றேன்.”

அவன் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினான். நவம்பர்க் காற்று புடவைக் கரையைத் தூக்கியது. ரஞ்சனா வலது கைக்கு மட்டும் கையுறை மாட்டி அவனைப் பற்றிக்கொண்டு, மை கலைந்துவிடாமல் இடது விரலைத் தனியே தூக்கிப் பிடித்தபடி நடைபாதையில் இறங்கினாள்.