வெர்னா கோவலின் மேசை தெருவுக்கு வந்த விதம்

வெர்னா கோவலுக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்த அன்று அவளுடைய மேசை வாசலை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. யார்க்டன் ஊரில், ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு தரும் அலுவலகம் அது. கோடை வந்தால் விவசாயிகளில் பாதிப் பேர் அவளைத்தான் போனில் கேட்பார்கள். அதே நாளில் பிறந்து, அதே வாரம் வேலைக்குச் சேர்ந்த லைலின் மேசையும் அன்று நகரத்தான் செய்தது, ஆனால் மேனேஜர் அறையை ஒட்டிய ஜன்னல் பக்கமாக. இருவருக்கும் சேர்த்து ஒரே கேக்; வெட்டினார்கள், தின்றார்கள். தரை சரிவாக இருக்கும் என்றார் மேனேஜர் கார்த். ஒரே சரிவில் இரண்டு மேசைகள் எப்படி எதிரெதிராகப் போகும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் வெர்னாவுக்கு உறைத்தது.

வருஷா வருஷம் இதே கதை. தச்சர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையில் ஒரு குறையும் இல்லை. மேசைக் கால்களுக்குப் போல்ட் போட்டு முடுக்கினார். அந்தப் பிறந்தநாளில் மேசை அசையவில்லை, வாசல்தான் ஒரு சாண் உள்ளே வந்தது. தன்னையறியாமல் காலால் உந்துகிறோமோ என்று அடுத்த வருஷம் நாள் முழுக்க நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பலனில்லை. ஐம்பதாவது வயதில், இனி இறங்குமுகம்தான் என்று கேலியாக அவள் நாற்காலியில் கறுப்பு பலூன் கட்டினார்கள், லைலுக்கு மீன்பிடி தூண்டில் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். எதற்குச் சிரித்தோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

கார்த் ஓய்வு பெறும் வருஷம் வந்தது. அவர் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவள் வெர்னா. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். நம்பாமல் என்ன செய்வாள்?

"தப்பா எடுத்துக்காதே வெர்னா, இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கறதா உத்தேசம்?" என்றார் கார்த்.

"லைல்கிட்டயும் இதைக் கேட்டீங்களா?"

"அவனை எதுக்குக் கேக்கணும்? அவன் இப்பத்தானே பழுத்து வந்திருக்கான்!"

லைல் மேனேஜரானான். வெர்னாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. அவள் காய்ச்சலில் படுத்தபோது முட்டைகோஸ் இலையில் சுருட்டிய சோற்றைத் தட்டு நிறையக் கொண்டுவந்து தந்தவர் கார்த். லைலோ முகம் வாடி வந்து நின்றான்.

"சத்தியமா நான் தள்ளல, வெர்னா."

"நீ தள்ளினேன்னு யாரு சொன்னா? யாரு தள்றாங்கன்னுதான் புரிய மாட்டேங்குது. ஜன்னல் பக்கம் போறப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, ஏன் இப்படின்னு?"



அடுத்த பிறந்தநாளில் மேசை போல்ட்டோடு வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. போன் அங்கேயும் அடித்தது. அவளும் தடித்த கோட்டும் கையுறையுமாக எடுத்துப் பேசினாள். பனி அள்ளும் வண்டிக்காரர் மேசையைச் சுற்றி ஓட்டப் பழகினார். நகராட்சி மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தது. வண்டியை விட்டு இறங்காமலே பேச முடிகிறதென்று விவசாயிகளுக்கும் வசதிதான்.

ஒருநாள் காபி எடுக்க உள்ளே போனவளைப் புதிதாகச் சேர்ந்த கெல்சி வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. சேதம் பதியணுமா?"

திருத்த வாயெடுத்த வெர்னா, என்ன தோன்றியதோ, உட்கார்ந்தாள். "ஆமாம்மா, பதியணும்."

"எப்போ அடிச்சுது?"

"நாப்பத்தஞ்சு வயசுல. இன்னும் விடல."

"எவ்வளவு போச்சு?"

"வேர் இருக்கு. கதிர் போச்சு."

கெல்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கணினியில் தட்டினாள். ஆலங்கட்டி ஒரு வயலை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடாமலே போகும் என்பதால், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்:

"வேலிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பினாள். லைல் வெயில் காய்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் ஒரு இலைகூடக் கிழியலம்மா. நல்ல விளைச்சல்."

கெல்சி அதையும் பதிந்தாள். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு அந்தச் சேதத்துக்கு ஓர் எண் கொடுத்தது. வெர்னா காபியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மேசைக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.