வாங்காத உடல்

பிணவறைக் கதவைத் திறந்ததும் இசக்கிசெல்வியின் மாமியார் முப்பிடாதியம்மாள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "கைது செய்யாம உடல வாங்க மாட்டோம்" என்று மூன்று நாளாகத் தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த சொந்தக்காரர்கள் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். குற்றவாளி கோர்ட்டில் சரணடைந்துவிட்டானாம், இன்ஸ்பெக்டரே வந்து சொல்லிவிட்டுப் போனார். இனி, அடிபட்டுச் செத்த மாரிராஜின் மனைவி இசக்கிசெல்வி கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

"யாரு சரணடைஞ்சது?" என்று கேட்டாள் செல்வி.

கொழுந்தன் பிரபு போனை நீட்டினான். கோர்ட் வாசலில், போலீசுக்கு நடுவே, தலைகுனிந்து நின்றான் நயினார்.

"அடப்பாவிகளா! இவன் தண்ணி குடுத்தவம்லா!"

மாரிராஜைத் தென்னையில் கட்டிவைத்து அடித்தது தோப்புக்காரரின் மகன்கள். மோட்டார் திருடினானாம். திருட்டாவது, மண்ணாவது! முந்தின நாள் அவர்கள் அப்பாவை 'ஐயா' என்னாமல் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிட்டான், அவ்வளவுதான். அந்தத் தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் நயினார். அவர்கள் போனபின் கட்டை அவிழ்த்து, வாயில் தண்ணீர் விட்டு, "யக்கா, ஓடி வாங்க" என்று இவளுக்குப் போன் செய்ததும் அவன்தான். இவள் போய்ச் சேரும்வரை புருஷனின் தலை அவன் மடியில்தான் இருந்தது.

"நம்ம சாதியிலயே ஆளப் புடிச்சிருக்கானுவ மதினி," என்றான் பிரபு. "அடிச்சவனும் செத்தவனும் ஒரே சாதின்னா வன்கொடுமைக் கேஸு எப்படி நிக்கும்? குடிச்சிட்டு அடிச்சிக்கிட்டானுவன்னு முடிச்சிருவாவ. நான் அன்னைக்கே வெட்டிட்டு வாரேன்னேன். நீங்கதான் அருவாளப் புடுங்கிட்டு, கோர்ட்டு இருக்குன்னீய. இந்தா, பாருங்க ஒங்க கோர்ட்ட."

இப்போதும் அவன் கை சும்மா இல்லை, சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

சொந்தத்தில் பெரியவர் செல்லச்சாமி அருகில் வந்தார். "நயினாரு குடும்பத்த தோப்புக்காரவுங்க பாத்துக்கிடுவாவளாம். நாம கைதுதான கேட்டோம், செஞ்சிட்டாவ. உடம்பு இதுக்கு மேல தாங்காது தாயி. போட்டுரு."

"போட்டா, இவந்தான் கொன்னான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி மாமா."

"அப்போ நான் இப்பவே போறேன்," என்று பிரபு திரும்பினான். செல்வி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீ வெட்டிட்டு உள்ள போனா அவனுவளுக்குக் கொண்டாட்டம்லே. நாளைக்கே குத்தாலம் மெயினருவியில எண்ணெய் தேச்சுக் குளிப்பானுவ. நீ எங்கயும் போகக் கூடாது. நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் சட்டையை விடாமலே உள்ளே போனாள். மாமியார் மகனின் பாதங்களைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, எம்புள்ள காலு சில்லுன்னு இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்."

செல்விக்கும் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஆசை. ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையாட்டி!" என்று கிழவி அலறினாள்.

"கதவச் சாத்துங்க," என்றாள் செல்வி காவலாளியிடம்.

வெளியே சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்ப வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செல்வி வெயிலிலேயே உட்கார்ந்தாள். பிரபுவும் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து மாமியாரும் வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.