அம்மன் முகத்துக்கு ஆறு வோல்ட்

காளியாயியின் உடம்பில் ஆறு வோல்ட் மின்சாரம் ஓடுவது 1993ஆம் ஆண்டு ஆடி மாதம், அவள் புருஷனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் தெரியவந்தது. ஜன்னல் கட்டையில் பேட்டரி கழற்றிக் கிடந்த டார்ச் லைட்டை ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தாள், அது எரிந்தது. கீழே வைத்தாள், அணைந்தது. மறுபடி எடுத்தாள், எரிந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கரண்டே எட்டிப் பார்க்காத இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருத்திக்காவது வந்ததே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கந்தப்பளைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஜெயரத்தினம் மாஸ்டர் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து, அதன் இரண்டு கம்பிகளையும் அவளுடைய இரண்டு கைகளிலும் கொடுத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் பார்த்தார். "ஓம், ஆறு வோல்ட் நிக்குது. இடது கை நேர் முனை, வலது கை மறை முனை. பற்றறி மாதிரித்தான், பயப்பிட ஒண்டுமில்லை" என்றார். காளியாயி பயப்படவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்க மலையேறினாள்.

அவளுடைய தம்பி வீரய்யா கந்தப்பளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தான். சைக்கிள் ஹேண்டில், பஸ் பம்பர், கதவுப்பிடி என்று துருப்பிடித்து வந்ததெல்லாம் அவனிடம் நிக்கல் உடுத்திக்கொண்டு திரும்பிப் போகும். பார்க்கிறவர்களுக்கு அது வித்தைபோலத் தெரியும். செய்கிறவனுக்கு அது சோறு வடிக்கிற மாதிரி. உப்புக் கரைத்த தொட்டியில் ஒரு பக்கம் நிக்கல் தகட்டையும் மறுபக்கம் ஹேண்டிலையும் தொங்கவிட வேண்டும். தகட்டை மின்சாரத்தின் நேர் முனையிலும் ஹேண்டிலை மறை முனையிலும் கட்டிவிட்டால், தகடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, தண்ணீருக்குள்ளேயே நடந்துபோய் ஹேண்டிலில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று இளைக்கும், மற்றது பளபளக்கும். ஆனால் கம்பத்தில் வருகிற மின்சாரம் முன்னும் பின்னும் ஓடுகிற மின்சாரம். அதை அடக்கி ஒரே திசையில் ஓடவைக்க ஒரு இரும்புப் பெட்டி வேண்டும். 1996இல் மழை பொய்த்து, அணைகள் வற்றி, நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்டை வெட்டினார்கள். பெட்டி சும்மா கிடந்தது. காளியாயி மலையிலிருந்து இறங்கியதும் பட்டறைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு செப்புக் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொள்வாள். சுற்று வட்டாரத்தில் அந்த வருடம் ஓடிய பளபளப்பான சைக்கிள்கள் அனைத்தும் அவள் கைராசி. கோபம் வந்தால் மட்டும் மீட்டர் முள் எகிறும். ஒரு பஸ்காரர் அவளிடம் வாய் நீட்டப்போய், அவருடைய பம்பரின் இரண்டு முனையும் அடுப்புக் கரியாகிவிட்டன. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் துருத்திக்கொண்டிருக்கிற இடம்தான் முதலில் கருகும். அதன் பிறகு வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

பட்டறையில் அக்காவாக இருந்தவள், தோட்டத்து அம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் மட்டும் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்து வழக்கம் அது. தேர் லயம் லயமாக வந்து ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுப் பெண் தேங்காய் பழத் தட்டை ஏந்தி நீட்டுவாள். தாலியறுத்தவள் வீடென்றால் தட்டைப் பக்கத்து வீட்டுச் சுமங்கலியிடம் கொடுத்துவிட்டு, தேர் போகும்வரை கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். புருஷன் செத்தபின் வந்த இரண்டு திருவிழாக்களையும் காளியாயி கதவுச் சந்து வழியாகத்தான் பார்த்தாள். புருஷன் செத்த வலி அழ அழக் குறைந்தது. இந்த வலி அழ அழக் கூடியது. ஆகவே அழுவதை நிறுத்திவிட்டு, மூன்றாவது திருவிழாவில் என் தட்டை நான்தான் ஏந்துவேன் என்று முடிவுகட்டினாள். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வருடம்தான் அம்மனுடைய பித்தளை முகத்துக்குப் புதிதாக வெள்ளி முலாம் பூசுவது என்று கோயில் கமிட்டி தீர்மானித்தது. முப்பது வருடப் பாலாபிஷேகத்திலும் புளித் தேய்ப்பிலும் பழைய வெள்ளி போய், அம்மன் காமாலை கண்டவள்போல இருந்தாள். லயத்துப் பெண்கள் கொலுசு, மெட்டி, குழந்தையின் அரைஞாண் என்று வெள்ளியாகக் கழற்றிக் கொடுத்தார்கள். ஆசாரி உருக்கி ஒரு தகடாக்கித் தந்தார். வெள்ளித் தொட்டியில் இருப்பது விஷ உப்பு என்பதால் வீரய்யா யாரையும் கிட்டே விடமாட்டான். முகத்தை மெருகேற்றி, சலவைச் சோடா நீரில் கழுவி, அமிலத்தில் முக்கி எடுத்து, கடைசியாகத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் துணி விரித்த மாதிரி படிந்து ஓடினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப்பசை இருக்கிறது, வெள்ளி பிடிக்காது. தண்ணீர் நன்றாகப் படிந்து ஓடியது. கையுறை எடுக்க அவன் உள்ளே போன நேரத்தில், கமிட்டித் தலைவர் இராமையா அம்மன் முகத்தைப் பார்த்தார். எண்ணெய்க்காப்பு இல்லாமல் அம்மனைத் தண்ணீரில் இறக்கிய பாவம் தன் தலையில் விடியக்கூடாது என்று, மடியில் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயை மூன்று விரலால் தொட்டு நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் பக்தியோடு தடவிவிட்டார். அன்றைக்குக் கரண்ட் இருந்தது, பெட்டி ஓடியது, வெள்ளியும் ஏறியது. கோயிலில் முதல் குடம் பாலை ஊற்றியதும் அம்மன் முகத்திலிருந்து வெள்ளி, அவித்த உருளைக்கிழங்கின் தோல்போல உரிந்து பூசாரியின் கையோடு வந்தது.

எண்ணெய் தடவியதை இராமையா மூன்றாம் நாள்தான் ஒப்புக்கொண்டார். அதற்குள், வெட்டிய கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் வீரய்யாவின் பெட்டி புகைந்து செத்துப்போயிருந்தது. திருவிழாவுக்கு நாலு நாள். கண்டிக்கு அனுப்பினால் பத்து நாளாகும் என்றார்கள். மிச்சமிருந்தது காளியாயிதான். கமிட்டிக்காரர்கள் பட்டறை வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹேண்டிலுக்குத் தீட்டு கிடையாது, அம்மனுக்கு உண்டே.

"அறுத்தவ கையால அம்மன் மொகத்துக்கு வெள்ளியா? தோட்டம் வெளங்குமா?" என்றார் இராமையா.

"நான் கம்பியத்தாங்க பிடிக்கப்போறேன், மொகத்த இல்ல" என்றாள் காளியாயி. "அதோட, தகடு உருக்கக் குடுத்ததுல என் மெட்டியும் இருக்கு. நீங்க உரிச்சு எடுத்தீங்களே, அந்த வெள்ளியில அது எதுன்னு பார்த்துப் பொறுக்கிப் போடுங்க, பார்ப்போம்."

ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உருகிய வெள்ளியில் பேர் எழுதியிருக்காது என்று அவர் கையை விரித்தார். அப்போதுதான் காளியாயி தன் மனதில் இருந்ததைச் சொன்னாள். "நான் கரண்டு தர்றேன். தேரு என் வாசல்ல நிக்கணும். என் தட்டை நான்தான் ஏந்துவேன். சம்மதம்னா சொல்லுங்க, இல்லாட்டி நான் வீட்டுக்குப் போறேன்." இராமையா பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது தோட்டத்துரையிடம் அவர் கற்றுக்கொண்ட வார்த்தை. முடியாது என்பதற்கு அதுதான் மரியாதையான பேர். காளியாயிக்கும் அது தெரியும். தெரிந்தும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

முகத்தை மறுபடி மெருகேற்றி, கழுவி, அமிலத்தில் முக்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். இந்தத் தரம் இராமையாவின் மடியை வீரய்யா சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். வெள்ளிக்கு ஆறு வோல்ட் அதிகம்; ஒன்று போதும். மிச்சத்தைத் தின்ன ஜெயரத்தினம் மாஸ்டர் பழைய ஹீட்டர் சுருளை நடுவில் கட்டினார். இடது கைக் கம்பியில் வெள்ளித் தகடு, வலது கைக் கம்பியில் அம்மன். காளியாயி கண்ணை மூடிக்கொண்டாள். பித்தளைக்கு மேல் பாலாடை மாதிரி வெள்ளை படரத் தொடங்கியது. கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் இராமையாவுக்கு வாய் அரித்தது. பக்கத்தில் இருந்தவரிடம், மெதுவாகத்தான், "காலம் கெட்டுப்போச்சு, மூளியெல்லாம் முன்னுக்கு வந்து உட்காருது" என்றார்.

மீட்டர் முள் துள்ளியது. சுருள் சிவந்தது. வீரய்யா பதறிப்போய் முகத்தை வெளியே எடுத்தபோது, அம்மனின் மூக்கு நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

"நான் ஒண்ணும் செய்யலீங்க" என்றாள் காளியாயி. கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் நடுங்கவில்லை. "என்னையப் பேசுனா முள்ளு ஏறுது. அது என் கையில இல்ல."

மூக்கைத் தேய்த்துக் கழுவி மறுபடி இறக்கினார்கள். இராமையா வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை; அவர் மூஞ்சி பேசிக்கொண்டிருந்தது. முள் இறங்க மறுத்து நடுங்கியது, அம்மனின் முகவாயில் ஒரு சாம்பல் நிழல் விழுந்தது. மாஸ்டர் மீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "தலைவர், மனதிலை இருக்கிறதையும் இறக்கி வையுங்கோ. இல்லாட்டி இந்த வருசம் அம்மன் கரிமூஞ்சியோடைதான் தேரேறுவா." இராமையா கெட்ட மனுஷர் இல்லை. ஐம்பது வருடம் ஒரே பாதையில் தேர் இழுத்தவர், அவ்வளவுதான். தொட்டிக்குள் அம்மனைப் பார்த்தார், முக்காலியில் இவளைப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அந்த விரல்கள் கம்பியை இறுக்கியிருந்தன. தொண்டையைச் செருமினார்.

"தேரு நிக்கும்மா. ஒன் தட்டை நீயே எடு."

முள் ஒன்றில் வந்து நின்றது. அடுத்த இரண்டு மணி நேரமும் அது அசையவில்லை. பட்டறையில் இருந்த எட்டு ஆண்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுகூட வாங்க, போங்க என்றே பேசினார்கள். வெளியே எடுத்த முகம் பால் வெள்ளையாக இருந்தது. மென்துணியால் தேய்க்கத் தேய்க்கப் பார்க்கிறவர்கள் முகம் அதில் தெரிந்தது. சாமர்த்தியமாக ஒரு கமிட்டிக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெள்ளி வரவில்லை, நகம்தான் உடைந்தது.

திருவிழாவன்று தப்பு மேளம் முழங்க, தேர் காளியாயியின் வாசலில் நின்றது. அவள் தட்டோடு வெளியே வந்தாள். பூசாரி ஒரு நொடி இராமையாவைப் பார்த்தார்; இராமையா வானத்தைப் பார்த்தார். தட்டு வாங்கப்பட்டது, தேங்காய் சரிபாதியாக உடைந்தது, தேர் அடுத்த வாசலுக்குப் போனது. மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் ஆறு வோல்ட் கேட்டாலும் கொடுத்திருப்பேன் என்று காளியாயி தம்பியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள்.

அதற்குப்பின் வருடங்கள் தம் பாட்டுக்குப் போயின. மழை வந்தது, கரண்ட் வெட்டு நின்றது, வீரய்யா புதுப் பெட்டி வாங்கினான். 2001இல் லயத்துக்கும் கம்பி இழுத்தார்கள். ஆனாலும், வருடம் ஒரு தரம் முலாம் புதுப்பிப்பது வழக்கமாகிப்போனதால், வைகாசி பிறந்தால் கமிட்டிக்காரர்கள் அம்மன் முகத்தைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காளியாயி வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒரு வருடம் கௌரவம் பார்த்துக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பூசினார்கள். நாற்பதாம் நாள் அம்மனுக்குப் பழைய காமாலை திரும்பியது. காளியாயி ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு வருகிறேன், உட்காருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

2005 மார்கழியில் இராமையா காலமானார். அடுத்த வைகாசியில் தேர் மேட்டு லயத்துக்குத் திரும்பியபோது அவருடைய வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் மனைவி நாகலெட்சுமி உள்ளே நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நிற்க வேண்டும் என்று நாற்பது வருடம் புருஷன் வாயால் கேட்டவள், தானாகவே நின்றாள். தேருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த காளியாயி கூட்டத்தை விலக்கிப் போய்க் கதவைத் தள்ளினாள். அடுப்படி மேடையில் தட்டு தயாராக இருந்தது. தேங்காய், பழம், சூடம் எல்லாம் வைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்காகக் காத்திருந்தது. அதை எடுத்து நாகலெட்சுமியின் கையில் வைத்து, நழுவாமல் இருக்கத் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

"கொஞ்சம் சுருக்குங்கும் மதினி. பயப்படாதீங்க, வாங்க."

நாகலெட்சுமிக்குச் சுருக்கென்றது. தட்டை விடாமல் வாசலுக்கு வந்தாள்.