பூச்சட்டியில் கடற்பாசி

கல்யாணமாகி ஜோகூருக்கு வந்த மூன்றாம் வாரம், என் கணவர் பெர்னார்ட் ரயில்வே ஆபீசிலிருந்து ஒரு பூச்சட்டியுடன் வந்தார். மண்ணில் பச்சையாக ஏதோ நட்டிருந்தது.

"கடல் பாலத்தோரக் கல்லுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீங்க செடிகொடி படிச்சவங்களாச்சே."

மதராஸில் தாவரவியல் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னை அவர் "நீங்க" என்றே அழைப்பார். நானோ "ம்", "சரிங்க" தவிர அவரிடம் எதுவும் பேசியதில்லை. கூச்சம்.

சட்டியில் இருந்தது கடற்பாசி. மண்ணில் பிழைக்காது. ஆசையாகக் கொண்டுவந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? தினமும் காலையில் அவரே குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார். நான்காம் நாள் அது வெளுத்துக் கூழாகி நாறியது.

பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அலமாக்! என்ன தம்பி, செத்த மீனையா நட்டு வச்சிருக்கீங்க?"

என் கணவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "இது அழுகறதைப் பாத்தும் நீங்க ஒரு வார்த்தை பேசல. உங்களுக்கு இங்க பிடிக்கல, தெரியுது. அடுத்த கப்பலுக்கு டிக்கட் கேக்கட்டா? அப்பா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க."

பிடிக்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? எதையுமே சொன்னதில்லை. அதுதான் தப்பு.

கொல்லைக் கால்வாயில் கங்குங் கீரை வெளிர் ஊதாவாகப் பூத்திருந்தது. ஒரு கொடியை வேரோடு இழுத்து வந்து, சேறு சொட்டச் சொட்ட மேசைமேல் போட்டேன்.

"இதுக்கு வேர் இருக்குங்க. சேத்துலேருந்து உறிஞ்சும். தண்டுக்குள்ள காத்து, அதான் மிதக்குது. உங்க பாசிக்கு வேரே கிடையாது. அடியில இருக்கறது கல்லைப் பிடிச்சுக்க மட்டும்தான். உடம்பெல்லாம் குடிக்கும், அதுவும் கடல் தண்ணிதான்."

அவர் என்னையே பார்த்தார். "இவ்வளவு பேசுவீங்களா!"

முகம் சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அது செத்ததுக்கு நீங்க காரணம் இல்லீங்க. வாய் திறக்காத நான்தான். டிக்கட் கேக்காதீங்க."

"கேக்கல லா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கங்குங் பூவைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப பாசி பூக்கவே பூக்காதா?"

"பூக்காது. வித்துத்தூளைத் தண்ணியில விடும். அது நீந்திப் போய் வேற கல்லைத் தேடிக்கும்."

"நீந்துமா! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பாலத்துக்குப் போலாம். காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"பரவால்ல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."