மார்கழியில் வந்த அம்மை

அம்மை வெயில் காலத்தில் வரும். மார்கழிப் பனியில், அதுவும் ஆறு மாதக் குழந்தைக்கு ஏன் வரவேண்டும்? எனக்குப் புரியவே இல்லை.

யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கு கட்டிய சமயம் அது. என் வீட்டுக்காரர் தசரதன் அங்கே மூட்டை தூக்கினார். வேண்டாமென்று கழித்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து தூளிக்குள் விரித்தார். பூச்சிமருந்து வாடை மூக்கைத் துளைத்தது.

"தொரைங்க போத்திக்கினது, தாட்சு. நம்ம பேபி இனிமே தொரைசாணி" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

மறுநாளே பேபியின் முதுகிலும் தொடையிலும் சிவப்பாய்த் தடித்தது. பூந்தமல்லி வைத்தியர் கரப்பான் என்று சொல்லி என் கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார். குயவர் அக்கி என்று முதுகில் காவியால் சிங்கம் எழுதினார். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். குழந்தை எல்லாப் பெயருக்கும் ஒரேமாதிரிதான் அழுதது.

என் நாத்தனார் வரலட்சுமி இரண்டு பேர் பேச்சையும் தள்ளிவிட்டாள். "கண்ணு தெர்ல? ஆத்தா வந்துகீறா!" வாசலில் வேப்பிலை செருகினாள். கம்பளியைச் சுருட்டி மூலையில் போட்டாள். பழைய வேட்டியில் வேப்பிலை பரப்பிக் குழந்தையைக் கிடத்தினோம். தடிப்பு இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். குளிருமே என்று நானே மறுபடி கம்பளியை விரித்துத் தூளியில் போட்டேன். விடிந்தால் உடம்பெல்லாம் சிவப்பு.

"இன்னாடி தப்பு பண்ண? ஆத்தா இருக்கசொல்ல தாளிச்சியா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் ஆத்தா திரும்பி வந்தா?"

எனக்கு அழுகை முட்டியது. கோபமும்தான். என்ன தப்பு என்று தெரிந்தாலாவது மன்னிப்புக் கேட்கலாம். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். குழந்தை மறுபடி வேப்பிலையில் படுத்தது, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் கிடந்தேன். குழந்தைக்குச் சரியாகிவிட்டது. எனக்குக் கழுத்தில் அரித்தது.

"உனக்கும் ஆத்தா வந்துட்டா பாரு!" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றிய கையோடு கம்பளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் வரவில்லை. ஒருநாள் தூளியைக் கட்டும்போது கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கம்பளி உரசிய இடத்தில் மட்டும் தழும்பு. பேபிக்கும் அது பட்ட இடத்தில்தானே வந்தது?

"அண்ணி, அந்தக் கம்பளி எங்க?"

"தெருக்கோடி நாகவல்லிக்குப் புள்ள பொறந்துகீது இல்ல? நம்ம கொழந்த பொழச்ச துணி, ராசின்னு குடுத்தேன்."

இடுப்பில் குழந்தையோடு தெருக்கோடிக்கு ஓடினேன். நாகவல்லி வீட்டு நிலையில் பச்சை வேப்பிலை தொங்கியது. உள்ளே சிசு வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"உள்ள வராதேக்கா! ஆத்தா கீறா!" என்று கத்தினாள் நாகவல்லி.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக்கூடாது. நான் பேபியை வாசலில் உட்காரவைத்துவிட்டு, வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.