நிக்காசியோ பார்சிலோனா போக ஓட்டெடுப்பு

எங்கள் கட்டடத்தில் தலைவர் பதவி வீட்டு வரிசைப்படி சுற்றிவரும். யாருக்கும் அது வேண்டாம், ஆனால் யாரும் தப்பிக்கவும் முடியாது. இந்த வருடம் அந்தச் சனியன் இரண்டாம் மாடி இடதுபக்கத்துக்கு, அதாவது ஒப்துலியாவாகிய என் தலையில், வந்து விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லிஃப்ட் ரிப்பேர். மத்ரித்தின் ஜூலைப் புழுக்கத்தில், வாசல் கூடத்தில், அவரவர் வீட்டு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்டைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காமல் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். 'வேறு ஏதாவது உண்டா?' என்று தலைவர் கேட்டே ஆகவேண்டிய கட்டம் அது. எந்தக் கட்டடத்திலும் அடிதடி அங்கேதான் ஆரம்பிக்கும். தெரிந்தும் கேட்டேன்.

மூன்றாம் மாடி நிக்காசியோ கை தூக்கினான்.

"லெயோகாதியா போன் பண்ணினா."

எல்லோரும் விசிறுவதை நிறுத்தினார்கள். லெயோகாதியா அவன் மனைவி. குளிர்காலத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு பார்சிலோனாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டவள்.

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்றா. வரலைன்னா இனிமே வரவே வேணாமாம். ரயில்ல போறதா ப்ளேன்ல போறதான்னு புரியல. நீங்கல்லாம் பாத்துச் சொல்லுங்க."

அட மடையா! பெண்டாட்டி கூப்பிட்டால் கால் உள்ளவன் ஓடியிருப்பான். தலைவர் அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்று நாலாம் மாடி பல்தொமேரோ எழுந்தார். "ரயில்தான். ஊருக்கு நடுவுல ஏறி ஊருக்கு நடுவுல இறங்கலாம்."

"ப்ளேன்னா ஒரு மணி நேரம்தான்யா!" என்றாள் முதல் மாடி ஹசிந்தா.

"ஏர்போர்ட்டுக்குப் போற நேரம், பெல்ட்டைக் கழட்டுற நேரம், திரும்ப மாட்டுற நேரம், இதெல்லாம் உங்கப்பன் வீட்டுலேர்ந்து வருமா?"

"நீங்க ப்ளேனை அண்ணாந்து பாத்ததோட சரி. பேச வந்துட்டாரு!"

வேறு வழியில்லாமல் ஓட்டுக்கு விட்டேன். தரைத்தளத்து எலாதியோ கை தூக்கியதும் ஹசிந்தா குதித்தாள்.

"அவருக்கு ஓட்டு கிடையாது! லிஃப்டுல ஏறமாட்டேன், காசும் தரமாட்டேன்னு சொல்றவரு, ஒசரத்துல பறக்கற விஷயத்துல எப்படி ஓட்டுப் போடலாம்?"

எலாதியோ ரயிலுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம், அது தரையில்தானே ஓடுகிறது என்று தீர்ப்புச் சொன்னேன். இன்றைக்கு யோசித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது.

எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம்.

"நிக்காசியோ, உன் ஓட்டு எதுக்கு?"

"பெரும்பான்மை எதுவோ அதுக்கு."

வீடு லெயோகாதியா பேரிலும் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு உண்டு. அவளையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லெயோகாதியா, ஒப்துலியா பேசறேன். உன் வீட்டுக்காரன் ரயில்ல வரணுமா ப்ளேன்ல வரணுமா? ஓட்டு சரிசமமா நிக்குதும்மா."

"யாரெல்லாம் இருக்கீங்க?"

"மொத்தக் கட்டடமும்."

"அந்த ஆளு என்ன சொல்றாரு?"

போனை அவன் வாயருகே நீட்டினேன். சொல்லித் தொலையேன் என்று கண்ணால் ஜாடை காட்டினேன்.

"உனக்கு எது சௌகரியம், கண்ணு?" என்றான்.

லெயோகாதியா வெடித்தாள்.

"சமையலறைக்குப் பச்சை அடிக்கறதா வெள்ளை அடிக்கறதான்னு கட்டடத்தைக் கேட்ட. மீன் வாங்கலாமா வேணாமான்னு படிக்கட்டுல நின்னு கேட்ட. இப்ப எங்கிட்ட வர்றதுக்கும் அவங்களக் கேக்கற. நீ வரவே வேணாம். அந்தக் கட்டடத்தையே கட்டிக்கிட்டு அழு."

வைத்துவிட்டாள். நிக்காசியோவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பாவம், உயிரே போனவன்போல உட்கார்ந்திருந்தான்.

பல்தொமேரோ தொண்டையைச் செருமினார். "வரவே வேணாம்னு நெசமாத்தான் சொன்னாளா, இல்ல கோவத்துல சொன்னாளா? வேணும்னா அதையும் ஓட்டுக்கு விட்டுப் பாத்துடலாமே."

எல்லாக் கைகளும் எழுந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையும்தான்.

"கையக் கீழ போடுங்க!"

கத்தியது நிக்காசியோ. இத்தனை வருடத்தில் அவன் குரல் இவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுச் செருப்போடேயே தெருவில் இறங்கி, வந்த டாக்ஸியை மறித்து ஏறினான். பின்னாலேயே ஓடினோம்.

"எதுலய்யா போற? அதையாவது சொல்லிட்டுப் போய்யா!"

கதவைச் சாத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. டாக்ஸி ஸ்டேஷன் பக்கம்தான் திரும்பியது என்று பல்தொமேரோ சத்தியம் செய்தார். ஏர்போர்ட் பக்கம்தான் என்று ஹசிந்தா தன் குழந்தைகள் தலையில் அடித்துச் சொன்னாள். இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அடுத்த வாரம் படிக்கட்டில் நிக்காசியோ எதிரே வந்தான். பின்னால், கடற்கரை வெயிலில் மூக்கு சிவந்துபோய், லெயோகாதியா. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அது சரி நிக்காசியோ, அன்னிக்கு ரயிலா ப்ளேனா?"

வாயைத் திறந்தான். பழக்கதோஷம், மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போச்சு, கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அது எங்க வீட்டு விஷயம், தலைவரம்மா."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். லெயோகாதியா அவன் முதுகையே பார்த்தபடி, வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வயிறும் எரிந்தது. இவனுக்கு இப்படியொரு திமிர் வரும் என்று எங்களில் ஒருத்தர்கூட ஓட்டுப் போட்டிருக்க மாட்டோம்.